கல்லில் ஒட்டிய மண்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு லோடு சரளை கொட்டினார்கள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. சரளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள் நான்தான்.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். விலங்கியல் படித்தவள். என் கணவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. காலை பாசஞ்சரில் போய் சாயங்காலம் திரும்புவார். வீட்டின் முன்பகுதியில் வீட்டுக்காரர் குடும்பம், பின்பகுதியில் நாங்கள். நடுவில் தோட்டம் என்று மரியாதையாகச் சொல்லப்பட்ட ஒரு மண்தரை. நாலு குரோட்டன்ஸ், ஒரு கனகாம்பரப் பாத்தி, ஒரு முருங்கை, ஒரு தண்ணீர்க் குழாய். குழாயடித் தண்ணீர் வழிந்து தரை எப்போதும் சேறாக இருக்கும். பள்ளிக்குக் கிளம்பும்போது புடவைக் கரை பாழாகிறது என்று நான் தினமும் முணுமுணுத்தேன். அந்த முணுமுணுப்பு தாங்காமல்தான் வீட்டுக்காரர் சரளை கொட்டினார். ஆக அதுவும் என்னால்தான்.

வீட்டுக்காரர் விவசாயி. பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு. மயிலத்தைத் தாண்டித் திருவக்கரைப் பக்கம் நிலம், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுவார். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் பழைய கிணறு வறண்டுபோய், புதிதாக ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். காசு கொடுத்து ஜல்லி வாங்குகிற ஆள் இல்லை அவர். கிணற்றில் எடுத்த மண்ணைச் சலித்து, கல்லை மட்டும் டிராக்டரில் ஏற்றித் தோட்டத்துக்கு அனுப்பினார். அதனால் மேல்மட்டத்தில் இருந்த கல் எங்களுக்கு முதலில் வந்தது, ஆழத்தில் இருந்தது பின்னால் வந்தது. மூன்று மாதம், மூன்று நிறம்.

முதலில் வந்தது செஞ்சரளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை பறிக்கப் போனவள், காலடியில் ஒரு விறகுச் சிராயைப் பார்த்தேன். அடுப்புக்கு ஆகுமே என்று எடுத்தேன். கை இறங்கிவிட்டது, அவ்வளவு கனம். மரத்தின் ரேகை, கணு எல்லாம் அப்படியே இருந்தது, ஆனால் கல். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பது ஊரறிந்த சங்கதி. அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். என் வீட்டுக் குழாயடியில் அது கிடக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அன்று எனக்குப் பித்துப் பிடித்தது. கல்லூரியில் புதைபடிவங்களைப் பற்றி ஒரு பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு லென்ஸும், நீர்த்த அமிலம் ஒரு சின்னக் குப்பியும் இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுத்தேனா என்று சத்தியமாக ஞாபகமில்லை. ஒரு சொட்டு அமிலம் விட்டால் சிப்பி ஓடு சுண்ணாம்பு என்பதால் நுரைக்கும், கல்மரம் நுரைக்காது. சந்தேகம் வந்தால் ஊசியால் சுரண்டிப் பார்ப்பேன். பிறகு பழைய டூத் பிரஷால் மண் போகத் தேய்த்து, வாளித் தண்ணீரில் அலசி, காயவைத்து, பிஸ்கட் டின்னில் பஞ்சு போட்டு அடுக்குவேன். "நகைக்கடை பக்கம் போகாத பொண்டாட்டி கெடச்சான்னு சந்தோஷப்பட்டேன், இப்டி ஜல்லிக் கடையே வச்சிட்டியே" என்பார் என் கணவர்.

தப்பும் நிறையச் செய்தேன். ஒரு வாரம் அபூர்வம் என்று பொத்திப் பொத்தி வைத்த நத்தை ஓட்டுக்குள், போன வருஷம் செத்த நத்தை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. மாட்டு எலும்பு அளவில் ஒரு பெரிய எலும்பு கிடைத்ததாக ஆசிரியர் அறையில் பெருமை அடித்துக்கொண்டேன், அது வெறும் இரும்புக்கல். ஆனால் தப்பு செய்யச் செய்யக் கண் பழகிவிட்டது. நின்றபடியே சரளையைப் பார்த்து, எது வெறும் கல், எது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்தத் திறமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது மாதம் மஞ்சள் சரளை வந்தது. அதில் மரம் இல்லை, சிப்பி. கட்டை விரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை, மடிப்பு மடிப்பாக, கனமாக. ஒரு நாள் காலை குழாயடியில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"ஆறு ஆள் ஆழம் போயாச்சி டீச்சரம்மா. ஒரு சொட்டு கசியல. மூடிட்டு அந்தாண்ட மூலைல வேற எடம் பாக்கலாம்னு இருக்கேன். வெட்றவரும் போதும்னு சொல்றாரு" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "அது இன்னா, நத்தையா?"

"நத்தை இல்லீங்க. கடல் சிப்பி."

"ஏரில இருக்குமே, அதுவா?"

"ஏரில கொளத்துல இருக்கறது இல்லீங்க. இது அசல் கடல்ல மட்டும் இருக்கறது. உங்க கெணறு இருக்கற எடத்துல ஒரு காலத்துல கடல் இருந்திருக்குது."

அவர் டம்ளரைக் குழாய்மேடையில் வைத்தார். "கடலா?"

"கடல்தான். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி."

கோடி அவர் காதில் ஏறவில்லை. கடல் ஏறியது. அந்தப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. மண்ணில் நத்தை ஓடோ சிப்பி ஓடோ வந்தால் ஊற்று பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் ஓட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அடுத்த கூடை மண் மேலே ஏறும். தூர்ந்துபோன ஏரிக்குப் பக்கத்தில் வெட்டும்போது அந்தக் கணக்கு பலித்தும் இருக்கலாம். நத்தைக்கே ஊற்று வரும் என்றால் கடலுக்கு எவ்வளவு வரும்? அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அந்தக் கடல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, இந்தச் சிப்பிக்கும் உங்கள் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. வகுப்பில் நாற்பது பெண்கள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். இந்த மனிதர் காபியை ஆறவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூட இருந்த கிணற்றில் மறுநாள் மறுபடி கடப்பாரை விழுந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு லோடுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது இன்னா டீச்சரம்மா? நல்லதா?" என்பார். நான் லென்ஸை வைத்துப் பார்த்து, ஒரு பெயர் சொல்வேன். ஐந்து இதழ்ப் பூ வரைந்தது போல ஒரு உருண்டைக் கல் கிடைத்தது, கடல் முள்ளெலி. கறுப்பாகப் பளபளவென்று ஒரு சுறாப் பல் கிடைத்தது. அதை வைத்து விரலைக் கீறிக்கொள்ளலாம், அவ்வளவு கூர்மை. அவற்றையெல்லாம் அவர் நிலத்தில் பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவாராம். என் பெயரைச் சொல்லித்தான் காட்டியிருக்கிறார். எங்கள் தெருவில் எனக்கு மதிப்பு கூடியது. மளிகைக் கடைக்காரர் தன் மனைக்கு எங்கே போர் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, மனையின் கிழக்குப் பக்கம் பாருங்கள் என்று வேறு சொன்னேன்.

ஐப்பசி பிறந்தது. வானம் மெல்ல மெல்லக் கறுக்க ஆரம்பித்தது. சாம்பல் நிற லோடு வந்ததும் அப்போதுதான்.

அதில் கல் குறைவு, களி அதிகம். ஆனால் வந்த கல் ஒவ்வொன்றும் பொக்கிஷம். ஆட்டுக் கொம்பு சுருண்டது போல அம்மோனைட்டுகள், எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் ஓடுகள். மண்ணைக் கழுவினால் உள்ளே முத்துச் சிப்பியின் மினுமினுப்பு. வீட்டுக்காரரின் மனைவி ஒன்றை எடுத்துப்போய்ப் பெருமாள் சக்கரம் என்று பூஜை அறையில் வைத்துத் துளசி சாத்தினார். அந்தச் சாம்பல் களி கல்லில் அப்பியிருக்கும். ஆனால் தேய்க்கவே வேண்டியதில்லை. வாளியில் போட்டுவிட்டுச் சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தால் களியெல்லாம் கரைந்து கஞ்சியாகிக் கிடக்கும், கல் மட்டும் சுத்தமாக அடியில் இருக்கும். வேலை மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம். கஞ்சியை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவேன். வெயிலில் விட்ட களிக்கட்டிகள் மத்தியானத்துக்குள் வெடித்துச் சில்லுச் சில்லாக உதிரும். அதையும் பார்த்தேன். விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினேன்.

ஒரு புதன்கிழமை, லோடோடு கிணறு வெட்டுகிறவரே வந்தார். அதுவரை அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. நாற்பது வயது இருக்கும். குட்டையான, இறுகிய உடம்பு. காது மடலில் கூடச் சாம்பல் களி காய்ந்திருந்தது. நிலத்துக்குப் பக்கத்துக் காலனியில் வீடு. அவரும் அவர் மனைவியும் சொந்தக்காரர்களோடு ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டுகிறவர்கள். அவர் அடியில் நின்று வெட்டுவார், அவர் மனைவி மேலே கூடை வாங்கிக் கொட்டுவார். லோடை இறக்கிவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் வந்து நின்றார்.

"டீச்சருங்களா? ஒன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வண்டில தொத்திக்கினு வந்தேன்."

"சொல்லுங்க."

"இந்தச் சாம்ப மண்ணு சரியில்ல டீச்சர். வெட்டும்போது பாறையாட்டம் நிக்குது. ரெண்டு நாள் காத்து வெயிலு பட்டா பொரிஞ்சி போவுது. நேத்து ஒரு பக்கம் பாய் அகலத்துக்குப் பேந்து வுழுந்துச்சி. நல்ல நேரம், நான் எதிர்ப்பக்கம் குந்திக்கினு இருந்தேன். மேலருந்து கல்லுக்கட்டு கட்டிக்கினே எறங்கலாம்னு சொன்னா, மொதலாளி கேக்க மாட்டேன்றாரு. டீச்சரே சொல்லிட்டாங்க, கடலுகிட்ட வந்துட்டோம்னு சொல்றாரு. நீங்க படிச்சவங்க. இதுக்கு மேல எறங்கலாமா?"

அவர், கையிலிருந்த துண்டின் நுனியில் முடிந்து, எனக்கென்று ஒரு கல் கொண்டு வந்திருந்தார். அதையும் அவிழ்த்து நீட்டினார். உள்ளங்கையை நிறைக்கும் ஒரு முழு அம்மோனைட். ஓரம் கூட உடையவில்லை. அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் பாதியும் கால்வாசியும்தான். என் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. "இது எந்த ஆழத்துல கெடச்சுதுங்க?" என்று கேட்டேன். எட்டு ஆள் ஆழம் என்றார். இது என்ன பிராணி, எப்படி நீந்தும், ஏன் சுருண்டிருக்கிறது என்று ஐந்து நிமிஷம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாடம் முடிந்த பிறகும் ஒரு கணம் நின்றார். கேட்டதற்குப் பதில் வரும் என்று நின்றிருக்கிறார். நான் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வர்றேன் டீச்சர்" என்று டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்த கணவரிடம் கல்லைக் காட்டினேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை. "அவரு எறங்கலாமான்னு கேட்டதுக்கு நீ இன்னா சொன்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் எனக்கு எப்டித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். தெரியாது என்பதை அவரிடம் சொன்னேனே தவிர, கேட்டவரிடம் சொல்லவில்லை. என் கணவரோடு தினமும் ரயிலில் போகிற ஒருவர், அரசாங்கத்தில் போர்வெல் போடுகிற வேலையில் இருந்தார். நிலத்தடி மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு போட்டு வா, அவரிடம் காட்டலாம் என்றார் கணவர். வியாழனே போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை என்பது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

விழுப்புரம் ஜங்ஷன் டீ ஸ்டாலில் வைத்துப் பார்த்தோம். நான் பிஸ்கட் டின்னைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அந்த மனிதர் மெலிந்தவர், வாய் நிறைய வெற்றிலை. ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நல்லா சுத்தமா கழுவி வச்சிருக்கீங்கம்மா. கழுவாதது எதனா இருக்குதா?"

அந்தப் பெரிய அம்மோனைட் ஒன்றைத்தான் நான் இன்னும் கழுவியிருக்கவில்லை. அதில் களி தடிமனாக அப்பியிருந்தது. அவர் கல்லை விட்டுவிட்டு, அந்தக் களியில் ஒரு சுண்டைக்காய் அளவு நகத்தால் கிள்ளி எடுத்தார். விரலில் வைத்து நசுக்கினார். ஒரு கண்ணாடி கிளாசில் தண்ணீர் வாங்கி, இன்னொரு கட்டியை அதில் போட்டார். "டீ குடிங்க" என்றார்.

நான் பாதி டீ குடிப்பதற்குள் கட்டியின் ஓரம் உதிர்ந்தது. பிறகு நடுவில் பிளந்தது. பிறகு அது கட்டியாகவே இல்லை. கிளாசின் அடியில் சேறு படிந்து, தண்ணீர் கலங்கி நின்றது. மூன்று வாரமாக என் வாளியில் நான் பார்த்துச் சந்தோஷப்பட்டது இதைத்தான்.

"கெணத்துக்குக் கல்லுக்கட்டு இருக்குதா?"

"இல்லீங்க."

"களிக்கு மேல இன்னா இருக்குது?"

"மஞ்ச மணலு. அதுல சிப்பி. அதுக்கு மேல செஞ்சரளை." அது மட்டும் எனக்கு வரிசை தவறாமல் தெரிந்திருந்தது.

"மணலு மழைத் தண்ணிய உள்ள வுட்டுடும். களி வுடாது. தண்ணி களி மேல வந்து நிக்கும். ஊறி ஊறிக் களி இப்டி ஆயிடும்" என்று கிளாசைக் காட்டினார். "அது வழுக்கிச்சின்னா மேல இருக்கறது மொத்தமும் கூடவே வரும். இப்ப உள்ள ஆளு எறங்கிக்கினு இருக்காங்களா?"

நான் தலையாட்டினேன். அவர் பிளாட்பாரத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அதன் மேல் முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கல்லுக்கு என்ன வயசு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்ன ஒரே பொருள் அந்தக் களி. அதை நான் வாளி வாளியாகக் கழுவி மரத்தடியில் ஊற்றியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ரயில் முண்டியம்பாக்கம் தாண்டும்போது மழை வலுத்தது. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே வீட்டுக்காரர். முகமெல்லாம் பல்.

"டீச்சரம்மா! ஊத்துக் கண்ணு தெறந்துடுச்சி! மத்தியானத்திலருந்து ஓரமா கசிஞ்சிக்கினே இருக்குது. உங்க வாக்கு பலிச்சிடுச்சி!"

அது ஊற்று இல்லை, நிலத்துப் பக்கம் முந்தின நாளே பெய்த மழைத் தண்ணீர் களியின் மேல் வந்து நிற்கிறது என்று சொன்னேன். டீ ஸ்டால் கிளாசைப் பற்றிச் சொன்னேன். கிணறு வெட்டுகிறவரை மேலே வரச்சொல்லுங்கள் என்றேன். மூன்று தடவை சொன்னேன். அவருக்குப் பாதி கோபம், பாதி சிரிப்பு.

"பேஜாரு பண்ணாதீங்க டீச்சரம்மா. தண்ணி வந்த அன்னிக்கு யாராவது நிறுத்துவாங்களா? கடலு இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. அடியில சேத்த வாரிட்டு ஜல்தியா கல்லுக்கட்டு ஆரம்பிச்சிட்றேன். ரெண்டே நாளு."

"ரெண்டு நாள் கூட வேணாங்க. அவருகிட்ட நாளைக்கே சொல்லிடுங்க."

"சரி சரி, காலைல போனதும் சொல்றேன்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. சொல்லிவிட்டேன் இல்லையா? மறுநாள் காலை ஆறு மணிக்கு மயிலம் வழியாக ஒரு பஸ் உண்டு. அதில் ஏறினால் கிணறு வெட்டுகிறவர் உள்ளே இறங்குவதற்கு முன்னால் போய்ச் சேரலாம். உயிர் அவருடையது, கேள்வி கேட்டவரும் அவர். பதிலை நான் நிலத்துக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை என்றாலும் அன்று பள்ளி இருந்தது, பரீட்சைத் தாள் வேறு திருத்த வேண்டியிருந்தது. நியாயமான காரணங்கள்தான் எல்லாம்.

பதினோரு மணிக்கு, தூறலில் நனைந்துகொண்டு வீட்டுக்காரரின் மனைவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். குடை பிடிக்கக்கூடத் தோன்றியிருக்கவில்லை.

"கெணறு உள்வாங்கிடுச்சாம் டீச்சர்."

"உள்ள யாரு?"

"வெட்றவரு. ஒருத்தருதான். மத்தவங்க மேல இருந்தாங்களாம்."

நான் போய்ச் சேர்ந்தபோது மல்லாட்டைக் கொல்லையின் நடுவில் கிணறு இல்லை. அகலமான ஒரு பள்ளம் இருந்தது. ஓரத்து வரப்பும், ஒரு இளம் பனையும் கூட உள்ளே சரிந்திருந்தன. திண்டிவனத்திலிருந்து வந்த ஆட்களும் காலனி ஆட்களுமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். வீட்டுக்காரர் மோட்டார் ஷெட்டின் நிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

கிணறு வெட்டுகிறவரின் மனைவியை யாரும் எனக்குக் காட்டவேண்டியிருக்கவில்லை. பள்ளத்து விளிம்பில், இரண்டு பெண்கள் தோளைப் பிடித்திருக்க, உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் யார் என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தாள்.

"மொதலாளி காலைல சொன்னாரு டீச்சர். நீங்க பயந்துக்கினு இருக்கீங்கன்னு. அதுக்கு இவுரு, அன்னிக்கி நான் நேரா போய்க் கேட்டனே, அவங்க ஒன்னும் வேணான்னு சொல்லலியே, எதனா இருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்கன்னுட்டு எறங்குனாரு."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். நான் என்ன சொன்னாலும் அது அவளுக்கு எதற்கு?

அவள் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "உங்களுக்கு மண்ணு பாக்கத் தெரியுமாமே. கல்லப் பாத்து எந்த ஆழத்துதுன்னு சொல்லுவீங்களாமே. எட்டு ஆளுன்றாங்க, ஒம்போது ஆளுன்றாங்க, எனக்கு ஒன்னும் புரியல. மேல வர்ற கூடையப் பாத்து சொல்லுங்க டீச்சர். அவுரு இன்னும் எத்தினி ஆழத்துல இருக்காரு?"

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. முடியும் என்பதுதான் உண்மை. களி முதலில் வழுக்கி அவர் மேல் விழுந்திருக்கும். அதன் மேல் மஞ்சள் மணல். எல்லாவற்றுக்கும் மேலே செஞ்சரளை. அப்போது செஞ்சரளைதான் வந்துகொண்டிருந்தது. கூடைகளை எனக்கு முன்னால் கொட்டச் சொன்னாள். ஈர மண்ணில் கையை விட்டு அளைந்தேன். கல்மரத் துண்டுகள் கிடைத்தன.

"இதுல இல்லம்மா. இன்னும் மஞ்ச மண்ணு வரணும். அதுக்கும் அப்புறம்தான்."

அன்று இருட்டும் வரை சிவப்புதான். மழை விட்டு விட்டுப் பெய்தது. கரை மறுபடி மறுபடி சரிந்து, எடுத்த மண்ணில் பாதி திரும்ப உள்ளே போனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் மறுபடி அங்கே போனபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் மண் வந்தது. சிப்பி சிப்பியாக வந்தது. ஒவ்வொரு கூடையாகப் பார்த்து, இல்லை என்றேன். இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதற்காகவே நான் ஒவ்வொரு கூடையையும் நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். பத்து மணிக்குள் தோண்டுகிறவர்கள், சுமப்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எல்லோரும் மண்ணின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஒரு கூடையின் அடியில் விரல் அகலத்துக்குச் சாம்பல் வந்தது. நான் அதை மஞ்சள் மண்ணால் மூடப் பார்த்தேன். அவள் என் கையை நகர்த்திவிட்டுப் பார்த்தாள்.

அடுத்தது பாதி சாம்பல். அதற்கு அடுத்தது முழுக்கச் சாம்பல். அதற்கு அப்புறம் வெகு நேரம் கூடை வரவில்லை. பள்ளத்துக்குள் மண்வெட்டிச் சத்தம் நின்று, கையால் வாருகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கூடை மேலே வந்தது. அதைச் சுமந்து வந்தவர் கிணறு வெட்டுகிறவரின் சொந்தத் தம்பி. வழக்கம்போல என் முன்னால் கொட்டுவார் என்று நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், அவள் மடிக்கு முன்னால் கூடையை மெதுவாக இறக்கினார். அதில் மண் இல்லை. களி அப்பிய ஒரு இடுப்புத் துண்டு மட்டும் இருந்தது. அது யாருடையது என்று என்னை யாரும் கேட்கவில்லை.